மீதி பத்தொன்பது

திண்டிவனம்
6-1-1985

லூர்துமேரி அவர்களுக்கு,

எட்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை. உங்கள் கோபம் ஆறியிருக்கும் என்று நம்பி இதை எழுதவில்லை. ஆறாமல் இருந்தாலும் எழுதியாக வேண்டிய நிலைமை எனக்கு.

என் ஆராய்ச்சிப் பதிவு வருகிற டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. எனக்குப் பின்னால் கல்லூரியில் சேர்ந்தவர்கள் மூன்று பேர் வாசலில் டாக்டர் என்று போர்டு மாட்டிவிட்டார்கள். நான் இன்னும் இயற்பியல் பிள்ளைகளுக்குத் துணைப்பாடக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். இந்த ஆய்வேடும் போனால் என்னிடம் வேறு ஒன்றுமே இல்லை. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நான்காம் அத்தியாயம்தான் அதற்கு உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சேதியில் மூன்று பிழைகள் ஐம்பத்தேழு இடங்களில் எங்கே விழுந்தாலும் திருத்திவிடலாம் என்று காட்ட வேண்டும். அவை விழக்கூடிய விதங்களை 513 வகைகளாகப் பிரித்தோம். 257 வரை என் நோட்டில் இருக்கிறது. 258 முதல் 513 வரை உங்களிடம் இருக்கும் நீல அட்டை நோட்டில். அது இல்லாமல் என் கையில் இருப்பது பாதி நிரூபணம். பாதி நிரூபணத்தை யார் வாங்குவார்கள்?

சென்னைக் கருத்தரங்குக் கட்டுரையில் என் பெயர் மட்டும் வந்தது என் முடிவில்லை. கைடு பிடிவாதமாக இருந்தார். "தந்தி ஆபீஸ் பொண்ணு பேரெல்லாம் போட்டா அது இன்னாய்யா பேப்பரு?" என்றே கேட்டார். நான் என்ன செய்ய முடியும்?

வீட்டில் அம்சவள்ளியும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "அந்தப் பொண்ணு வர்றதே இல்லியே, சண்டை கிண்டை போட்டுக்கினீங்களா?" என்றாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நோட்டை அனுப்பி வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுப்பராயலு


விழுப்புரம்
13-1-1985

சார்,

ஆறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கைடு சொன்னதை எனக்கு எழுதிக் காட்டினால் உங்கள் மேல் இரக்கம் வரும் என்று எப்படி நினைத்தீர்கள்? அவர் சொன்னார், சரி. அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லையே. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். கழுத்துப் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

மூன்று வருடம், ஒன்று விட்டு ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்தேன். வாட்ச்மேன் அப்பாதுரை தாவரவியல் லேப் பூட்டைத் திறந்துவிடுவார். அட்டையில் வட்டம் வெட்டி, ஐம்பத்தேழு கோடு போட்டு, உங்கள் வீட்டிலிருந்து வரும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையில் மூன்றை எடுத்துப் பிழைகளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 513-இல் 351 வகை வெறுமனே சுழற்றினாலே அடங்கிவிட்டது. மிச்சம் 162. ஒவ்வோர் இடத்தின் எண்ணையும் ஏழால் பெருக்கிப் பார்த்ததில் அதிலும் பெரும்பாலானவை அடங்கின. எதற்கும் அடங்காத முரட்டு வகைகள் ஒரு கைப்பிடி. அவற்றுக்கு ஒவ்வொரு வரிசைமாற்றமாகத் தேடிப் பிடித்தவள் யார்? அதில் முக்கால்வாசி என் நோட்டில்தான் இருக்கிறது, அதனால்தான் இன்றைக்குக் கடிதம் வருகிறது.

எங்கள் ஆபீசில் தையல்நாயகி அக்கா ஒருநாள், "இன்னாடி, எப்ப பாரு வட்டம் போட்டுக்கினே கீற?" என்று கேட்டார். நான் இப்படிச் சொன்னேன்: "அக்கா, ஐம்பத்தேழு எழுத்துத் தந்தி ஒண்ணு வருதுன்னு வெச்சிக்கோ. இருபத்தொம்பது எழுத்துதான் சேதி. மிச்சம் இருபத்தெட்டும் காவலுக்கு நிக்கிது. வழியில மூணு எழுத்து கெட்டுப்போச்சு, எதுன்னு தெரியாது. எடத்தையெல்லாம் ஒரு கணக்கா மாத்தி மாத்திப் போட்டா, ஏதோ ஒரு மாத்துல அந்த மூணும் காவல் பக்கம் போயிடும். அப்ப சேதி சுத்தமா நிக்கும்." அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "எப்படி மாத்தினாலும் போவாத மூணு இருந்தா?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் இத்தனை பாடு என்றேன்.

இத்தனைக்கும் பிறகு, கட்டுரையின் கடைசிப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில், 'கணக்கிட உதவிய செல்வி லூர்துமேரிக்கு நன்றி.' என் அம்மா அஞ்சம்மாள் காணை கிராமத்தில் உங்கள் உறவுக்காரர்கள் நிலத்தில்தான் நாற்று நட்டாள். நட்டவள் பேரை யாரும் நெல் மூட்டை மேல் எழுதுவதில்லை. எங்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் சார் எனக்கு வலித்தது.

நோட்டு வேண்டுமென்றால் நேரில் வந்து கேளுங்கள். அந்த அத்தியாயம் இருவர் வேலை என்று ஆய்வேட்டில் எழுதுவதாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஞாயிறு நீங்கள் பஸ் ஏறுங்கள்.

லூர்துமேரி


திண்டிவனம்
28-1-1985

லூர்துமேரி அவர்களுக்கு,

நேற்று ஞாயிறு. காலையில் கிளம்பிப் பஸ் நிலையம் வரை வந்தேன். விழுப்புரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர்கூட, "ஏறு சார், ஜல்தி" என்றான். கால் எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன். பொய்யாக ஒரு காரணம் எழுதலாம் என்று யோசித்தேன், உங்களிடம் அது செல்லாது.

வந்தால் நீங்கள் கேட்பதற்கு ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அது என்னால் முடியாது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இது முழுக்க என் சொந்த வேலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் அத்தியாயத்தில் இருவர் என்று எழுதினால், முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கைடு ஒத்துக்கொள்ள மாட்டார். அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

முடிந்த பிறகு இருவர் பெயரிலும் தனிக் கட்டுரை எழுதலாம். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

உங்களைக் கெஞ்சுகிறேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சுப்பராயலு


விழுப்புரம்
12-2-1985

சார்,

நோட்டைப் பிரதி எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 258 முதல் 513 வரை. ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்த்துத்தான் எழுதினேன். நோட்டில் இருப்பதெல்லாம் சரி.

நீங்கள் வருவீர்கள் என்று இரண்டு ஞாயிறு வீட்டிலேயே இருந்தேன்.

லூர்துமேரி


திண்டிவனம்
30-12-1985

லூர்துமேரி அவர்களுக்கு,

இன்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஐந்து பிரதிகள், கறுப்பு அட்டை, பொன் எழுத்து. கையில் வாங்கிப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்த கிளார்க் சக்கரபாணி என்பவர் பார்த்துவிட்டு, "இன்னா சார், பொண்ணைக் கட்டிக் குடுத்த மாரி நிக்கிறீங்க" என்று சிரித்தார்.

பிப்ரவரியில் வந்த உங்கள் நோட்டுக்கு இதுவரை ஒரு வார்த்தை எழுதாதது தப்பு. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தோன்றிவிடும். நன்றியுரையில் உங்கள் பெயர் இருக்கிறது. கைடு, முதல்வர், நூலகர், அதற்குப் பிறகு நான்காவதாக. பொடி எழுத்தில் இல்லை, மற்றவர்களுக்குப் போட்ட அதே எழுத்தில்தான்.

தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் வெளிநாட்டில். அறிக்கை வர எட்டு, ஒன்பது மாதம் ஆகும் என்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது, லேசாகவும் இருக்கிறது. பத்து வருடத்துக்குப் பிறகு இன்று பசித்துச் சாப்பிட்டேன்.

சுப்பராயலு


திண்டிவனம்
4-10-1986

லூர்துமேரி அவர்களுக்கு,

ஆய்வேட்டை நிராகரித்துவிட்டார்கள்.

அறிக்கை போன வாரம் வந்தது. வெளிநாட்டுக்காரர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று அத்தியாயம் பற்றி நல்லதாக நாலு வரி. நான்காம் அத்தியாயத்தின் தேற்றம் தவறு. பிழைகள் 0, 19, 38 ஆகிய இடங்களில் விழுந்தால், நாம் கொடுத்த வரிசைமாற்றங்களில் ஒன்றுகூட அவற்றைக் காவல் பக்கம் கொண்டுபோகாது.

அட்டை வட்டத்தைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தேன். மல்லாட்டை இல்லை, புளியங்கொட்டை வைத்தேன். மூன்றும் சம தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு சுழற்றினாலும் இருபத்தெட்டு இடத்துக்குள் இரண்டுதான் வரும், மூன்றாவது வெளியே நிற்கும். ஏழால் பெருக்கினேன். பத்தொன்பது ஏழு நூற்று முப்பத்து மூன்று, நூற்றுப் பதினாலைக் கழித்தால் மறுபடி பத்தொன்பது. முப்பத்தெட்டும் முப்பத்தெட்டாகவே நிற்கிறது. எதுவும் அசையவில்லை. முரட்டு வகைகளுக்கென்று தேடிப் பிடித்தவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

திருத்திக் கொடுக்கலாமா என்று கேட்டேன். பதிவுக்காலம் முடிந்துவிட்டது, அதனால் முடியாது என்றார்கள். கைடு ஓய்வு பெற்றுவிட்டார். போய்ப் பார்த்தேன். "விதிய்யா, போ" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை. ஆசிரியர் அறைக்கு நான் போனால் பேச்சை நிறுத்திவிட்டு டீ குடிக்கிறார்கள். கேலி செய்தாலாவது சண்டை போடலாம்.

அம்சவள்ளி மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்கிறாள். இது மூன்று எண்கள் செய்தது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஒன்றே ஒன்று உங்களிடம் கேட்க வேண்டும். நோட்டை அனுப்பியபோது இது உங்களுக்குத் தெரியுமா?

சுப்பராயலு


விழுப்புரம்
11-10-1986

சார்,

தெரியும்.

பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது, மொத்தத்தையும் ஒருமுறை சரிபார்ப்போம் என்று வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்தேழு இடங்களில் மூன்றை எடுக்க 29,260 விதம். ஒரு வகையைச் சுழற்றினால் ஐம்பத்தேழு விதம் வரும். வகுத்தால் 513, மீதி 19. முதல் வருடம் கரும்பலகையில் நீங்கள் 513 என்று மட்டும் எழுதினீர்கள். நானும் அதையே நோட்டில் எழுதிக்கொண்டேன். மீதி என்ன ஆயிற்று என்று இருவரும் கேட்கவில்லை. மூன்று வருடம் அந்த எண்ணை வைத்தே வேலை செய்தோம்.

அந்தப் பத்தொன்பதும் எங்கே போயிற்று என்று தேடினேன். அரைமணிகூட ஆகவில்லை. மற்ற வகையெல்லாம் சுழன்று பழைய இடத்துக்கு வர ஐம்பத்தேழு அடி வேண்டும். 0, 19, 38 மட்டும் பத்தொன்பதாவது அடியிலேயே தன் மேல் தானே வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் அது ஒரு முழு வகையாகக் கணக்கில் வரவில்லை. தையல்நாயகி அக்கா கேட்ட மூன்று அதுதான்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி நோட்டுக்குள் வைத்தேன். அதை எப்படிச் சரிசெய்வது என்றும் எழுதியிருந்தேன். நம் ஐம்பத்தேழு இடமும் ஒரு தளத்தின் புள்ளிகள்தானே, அதில் அந்த மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் இல்லை, முக்கோணம். எந்த முக்கோணத்தையும் இன்னொரு முக்கோணத்தின் மேல் கொண்டுபோய் வைக்கிற மாற்றம் நம் தளத்தில் இருக்கிறது. காவல் பக்கத்தில் ஒரு முக்கோணத்தைப் பார்த்து அதன் மேல் வைத்துவிட்டால் முடிந்தது. கூடுதலாக ஒரே ஒரு வரிசைமாற்றம் போதும் சார். ஆய்வேட்டில் அரைப் பக்கம்.

தபால் கவுண்டரில் கட்டு கட்டும்போது அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டேன். பஸ் நிலையம் வரை வந்து திரும்பினேன் என்று நீங்கள் எழுதியது மனசில் நின்றது. நாற்பது கிலோமீட்டர் எனக்காக வர முடியாத மனிதருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும், வந்து கேட்டால் சொல்கிறேன் என்று நினைத்தேன். 'நோட்டில் இருப்பதெல்லாம் சரி' என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து மாதம் இருந்தது. ஒவ்வொரு மாதமும், இந்த மாதம் அவர் எழுதினால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் டிசம்பர் கடிதத்தில் 'நான்காவதாக' என்று படித்தபோது, நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஆமாம் சார், அப்படித்தான் நினைத்தேன். பசித்துச் சாப்பிட்டேன் என்ற வரியைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. அப்போதும் எழுதவில்லை.

பதினோரு வருடமாக நான் தந்தி வாங்குகிறேன். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அனுப்பிய ஆபீசைத் திருப்பிக் கேட்காமல் டெலிவரிக்குக் கொடுக்கக் கூடாது. செத்தவர் யார், பிழைத்தவர் யார் என்பதே மாறிவிடும். ஒருமுறைகூட நான் தவறியதில்லை. உங்கள் ஒருவருக்கு மட்டும், கெட்டுப்போன சேதி என்று தெரிந்தே கவரை ஒட்டி அனுப்பிவிட்டேன். அக்காவிடம் நேற்றுச் சொன்னேன். "தெரிஞ்சிக்கினே உட்டுட்டியாடி?" என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் பெயரில் மட்டும் எங்காவது அனுப்புங்கள். எனக்கு நன்றிகூட வேண்டாம். இன்னும் வழி இருக்கும் சார், யோசியுங்கள்.

லூர்துமேரி


திண்டிவனம்
27-10-1986

லூர்துமேரி அவர்களுக்கு,

தாள் கிடைத்தது. உங்கள் வழி சரி. அது எனக்கு முன்பே தெரியும், ஏனென்றால் தேர்வாளர் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் அதே வழியை அவர் ஒரே வரியில் எழுதியிருக்கிறார். கூடுதலாக ஒரு மாற்றம் சேர்த்தால் சரியாகிவிடும், ஆய்வாளருக்கு இது தோன்றாதது வியப்பு என்று. போன கடிதத்தில் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை. இனி அந்த வரி அவருடையது. நாம் எங்கே அனுப்பினாலும் சரிபார்க்க அவரிடம்தான் போகும். 513 வகையும் அதில் உங்கள் முரட்டு வகைகளும் இனி யாருக்கும் வேண்டாம்.

சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் அதைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். பழியெல்லாம் உங்கள் மேலேயே இருக்கட்டும் என்று ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது.

எனக்கும் தெரியும்.

போன வருடம் நவம்பரில், தட்டச்சுக்குக் கொடுக்கப் போன காலை, முன்னுரைக்காக அந்த வகுத்தலை மறுபடி போட்டேன். மீதி 19 வந்தது. பேனாவை வைத்துவிட்டேன். என்ன என்று பார்க்க வேண்டும் என்று புரிந்தது. பார்த்தால் தேற்றம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. உங்களைக் கேட்கலாம் என்று ஓர் உள்நாட்டுக் கடிதம் வாங்கி, உங்கள் முகவரியும் எழுதினேன். கேட்டால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தால் உங்கள் பெயரைப் போடாமல் இருக்க முடியாது. கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். லூர்துமேரி ஒரு எழுத்துக்காகத் தந்தியை நிறுத்தி வைக்கிறவள், எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் நோட்டை அனுப்பியிருக்கிறாள், தப்பு இருந்தால் சும்மா இருந்திருப்பாளா? நீங்கள் ஒன்றும் சொல்லாததையே நீங்கள் போட்ட கையெழுத்தாக எடுத்துக்கொண்டேன். மீதியை அழித்துவிட்டு 513 என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே, நீங்கள் என்னைக் கெடுத்துவிட்டதாக அழ வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நான் வந்து கேட்க வேண்டும் என்பதுதான் நீங்களும் வேண்டியது.

எனக்கு இனி ஆராய்ச்சி இல்லை. நோட்டுகளை அப்பாதுரையிடம் கொடுத்து எரிக்கச் சொல்லிவிட்டேன். அவர், "இத்தினி வருசம் எழுதினது சார்" என்று தயங்கினார். நானே பக்கத்தில் நின்று எரித்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. துணைப்பாடக் கணக்கு இருக்கிறது. அதை எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் பெயரை நான் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க முடியாவிட்டால் அதையாவது ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் சும்மா இருந்தால் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்வேன். என் குணம் அப்படி என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

சுப்பராயலு


விழுப்புரம்
31-10-1986

சார்,

சும்மா இருக்க மாட்டேன். ஒருமுறை இருந்தது போதும்.

மன்னிக்கவில்லை.

லூர்துமேரி